கவுன்சில் பில்லில் எங்கள் பெயர்

அன்று எங்கள் முன்னறையில் ஐந்து பேர் இருந்தோம். நான், என் கணவர், பத்து வயதான எங்கள் மகள், கணவரின் ஒன்றுவிட்ட அண்ணனும் மகளுக்குப் பெரியப்பாவுமான அத்தான், அத்தானின் மனைவி. தொலைபேசியின் மறுமுனையில் கவுன்சில் என்ற நகரசபையின் ஆள் ஒருவர். அவரையும் சேர்த்தால் ஆறு.

2009 ஒக்டோபர், பள்ளி விடுமுறை வாரத்துத் திங்கள். குட்மேய்ஸில் அந்த வீடு அத்தானுடையது. பிரான்சிலிருந்து வந்த எங்களுக்குப் பின்னறையைத் தந்தவர் அவர்தான். என் கணவருக்கு வேலை பிடித்துத் தந்தவரும் அவர்தான். அந்த ஓகஸ்டில் தன் கடைக்குப் பக்கமாக டூட்டிங்குக்குக் குடிபோனபோது வீடு முழுவதையும் எங்களுக்கே வாடகைக்கு விட்டார். மாதத்தில் ஒரு நாள் மனைவியோடு வந்து, வாடகையை வாங்கி, எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போவார்.

மகள் அடுத்த வருடம் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும். பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே இடம் கேட்க, குடியிருக்கும் வீட்டுக்குக் கவுன்சிலுக்கு வரி கட்டும் பில் பெற்றவர்களின் பெயரில் இருக்க வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்திலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் பயந்து மகளிடம்தான் நீட்டுவேன். சொந்தக்காரரின் விலாசத்தைக் காட்டி இடம் எடுத்த ஒரு பிள்ளையைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம் என்று மரக்கறிக் கடையில் யாரோ சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஓகஸ்டில்தான் எங்கள் பெயருக்கு மாறியது என்று தெரிந்தால், இடத்துக்காக விலாசம் வாங்கியவர்கள் என்றல்லவா நினைப்பார்கள்? அத்தானிடம் சொல்லி அழுதேன்.

"அதுக்கேன் பிள்ளை அழுறாய்? போன வருஷம் ஏப்ரலில இருந்தே வீடு உங்கட வாடகையில எண்டு எழுதிவிடுவம். நீங்கள் இஞ்ச இருந்தது பொய்யோ?"

இருந்தது பொய்யில்லைதான், பின்னறையில். படிவத்தை அவரே நிரப்பினார். நாங்கள் கையெழுத்து வைத்தோம். அவரைக் கும்பிடாத குறை.

இரண்டு மாதம் கழித்துப் பில் வந்தது. போன வருடத்து வரியில் ஒரு பென்ஸ்கூடக் கட்டப்பட்டிருக்கவில்லை. ஆயிரத்து இருநூற்று நாற்பது பவுண், எங்கள் பெயரில்.

"அண்ணை, இது என்ன?" என்று கணவர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

அத்தான் இடியப்பத்தைப் பிசைந்தபடியே எட்டிப் பார்த்தார். "பிழையா அனுப்பியிருப்பாங்கள். குப்பையையே ஒழுங்கா அள்ளத் தெரியாதவங்களுக்குக் கணக்கு வருமே?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் மனைவி தட்டிலிருந்து கையை எடுத்தார். "இப்பவாவது சொல்லுங்கோவன்."

"என்னத்தைச் சொல்ல? கடை படுத்திட்டுது. கட்ட வழியில்லை. சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்."

எனக்குக் காசுகூடப் பிறகுதான். அந்த வரியில்தான் பள்ளிக்கூடங்கள் ஓடுகின்றன என்று நினைத்திருந்தேன். கடன் வைத்தவர்களின் பிள்ளையை உள்ளே விடுவார்களா? மகளிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் பேசவேண்டிய அலுவல் எல்லாம் அவளுடையது.

"இதைக் கட்டாட்டி ஸ்கூலில இடம் தரமாட்டினமோ எண்டு கேள்."

"அம்மா! அப்பிடிக் கேக்கேலாது."

"கேள் எண்டுறன்."

தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "ஸ்கூலுக்குக் கூடுதலாக் காசு குடுக்கிறது கவர்ன்மெண்டாம். இந்த டாக்ஸ் கட்டினதோ இல்லையோ எண்டு அவை பாக்கிறேல்லையாம்."

எனக்கு மூச்சு வந்தது. அவள் இன்னும் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வீட்டை எப்ப வாடகைக்கு எடுத்தனீங்கள் எண்டு கேக்கிறார். டேட் பிழையெண்டால் மாத்தலாமாம். மாத்தினால் அந்தக் காசைப் பெரியப்பாதான் கட்ட வேணுமாம்."

ஓகஸ்ட் என்று சொன்னால் போதும், கடன் எங்களை விட்டுப் போய்விடும். ஆனால் பொய்யான திகதி எழுதியவர்கள் என்று கவுன்சிலில் பதிந்துவிடுவார்கள். பள்ளி இடங்களைப் பங்கிடுவதும் அதே கவுன்சில். விண்ணப்பம் முந்தின கிழமைதான் போயிருந்தது. கணவர் என் முகத்தைப் பார்த்தார். அத்தான் தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"பிள்ளையின்ர படிப்பு விசயம். யோசிச்சுச் சொல்லு."

அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஓகஸ்ட் என்றிருப்பேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

"போன வருஷம் ஏப்ரல் எண்டு சொல்லு," என்றேன்.

சொன்னாள். அந்த ஏப்ரலில் பின்னறையில், எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்துக் கிடந்தவள் அவள். அவளுக்குத் தெரியாதா?

அத்தான் கைகழுவிவிட்டு வந்து, மாதம் நூறு நூறாகக் கழித்துத் தருவதாகச் சொன்னார். அன்றைய வாடகையில் நூறைக் குறைத்தே வாங்கினார். அவர் மனைவி என் கையைப் பிடித்தார். அடுத்த மாதம் வாடகையை வங்கியில் போடச் சொன்னார்கள், முழுதாக. அதன்பிறகு அவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை.

மார்ச்சில் பதில் வந்தது. அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. வீட்டுத் தூரத்தை அளந்துதான் இடம் கொடுத்தார்களாம், எங்களுக்கு முந்தின தெருவோடு இடங்கள் முடிந்துவிட்டனவாம். பள்ளி அலுவலகத்தில் மகளை விட்டே கேட்டேன், எவ்வளவு காலம் இருந்தோம் என்று பார்த்தார்களா என்று. இல்லையாம். இந்த வருடத்துப் பில் ஒன்று இருந்தாலே போதுமாம். அதைத் தமிழில் சொல்லும்போது அவள் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இரண்டு பஸ் மாறி வேறு பள்ளிக்கூடம் போனாள். கணவர் சனி ஞாயிறும் ஷிப்ட் செய்து கவுன்சில் காசைக் கட்டி முடித்தார். அத்தானிடம் கேட்போமா என்று ஒருநாள் வாயெடுத்தேன்.

"விடப்பா. அந்தாள் தந்த அறையிலதான் நாங்கள் இந்த நாட்டில முதல் படுத்தனாங்கள்," என்றார்.

நான் பிறகு கேட்கவில்லை. அன்று குறைத்த நூறு போக, அத்தான் இன்னும் தரவேண்டியது ஆயிரத்து நூற்று நாற்பது பவுண்.