என்டர் அக்காவும் ஐந்தாம் எண்ணும்

பத்திர அலுவலகத்துக்கு எதிரே, ஒரே அறையைப் பலகையால் தடுத்து இரண்டு கடை. ஒரு பக்கம் நான், ஜெராக்ஸ்காரன். மறுபக்கம் பத்திரம் அடித்துக் கொடுக்கும் அக்கா. தட்டச்சு மிஷினில் தொழில் பழகியவர். அதில் வரி முடிந்ததும் கைப்பிடியை ஓங்கித் தள்ள வேண்டும். கம்ப்யூட்டர் வந்து பன்னிரண்டு வருஷமாகியும் அந்தக் கை அடங்கவில்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் என்டரில் ஒரு போடு போடுவார். தடுப்புப் பலகையில் நான் மாட்டியிருக்கும் காலண்டர் ஆடும். தெருவே அவரை என்டர் அக்கா என்றுதான் சொல்லும், முதுகுக்குப் பின்னால்.

கம்ப்யூட்டருக்கோ தனிப் புத்தி. பட்டியலில் ஒன்று என்று எழுதி என்டர் தட்டினால், கேட்காமலே இரண்டு போடும். வரியை மடிக்கத்தான் தட்டினோம் என்பது அதற்கு எங்கே தெரியும்? அக்கா அந்த எண்ணை அழிப்பார், திட்டுவார், மறுபடி தட்டுவார், அதுவும் மறுபடி போடும். நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். "ஷிஃப்டை அமுக்கிக்கிட்டே என்டர் தட்டுங்கக்கா. நம்பர் வராது, வரி மட்டும் கீழ இறங்கும்."

"ஒரு வரி இறங்க ரெண்டு கை வேணுமா? நீ போய் உன் மிஷின்ல சிக்கின பேப்பர எடு."

பிழை வந்தால் அது கம்ப்யூட்டரின் பிழை. அக்காவின் பிழை என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் பழி ஏற்கும் வேலையை அவர் வீட்டுக்காரர் பார்ப்பதாகக் கேள்வி.

போன வாரம் ஓர் அண்ணனும் தங்கையும் வீட்டைப் பாகம் பிரிக்க வந்தார்கள். பட்டியலில் ஐந்து இடங்கள். ஐந்தாவது, தெருப் பக்க அறை. தங்கை தையல் மிஷின் போட்டுப் பிழைப்பது அதில்தான். 'எண் ஐந்து தங்கைக்கு, மற்றவை அண்ணனுக்கு' என்று கீழே ஒரு வரி. அக்கா அடித்தார், காலண்டர் ஆடியது, நான் பிரதி எடுத்தேன்.

தங்கை படிக்காமலே பேனாவைத் திறந்தாள். "அண்ணன் பாத்துட்டாருல்ல, போதும்க்கா."

அண்ணன் பார்த்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு முறை பார்த்திருந்தார். "ரொம்ப அழகா அடிச்சிருக்கீங்கம்மா" என்று வேறு சொன்னார்.

அங்கேதான் மாட்டினார். இத்தனை வருஷத்தில் பத்திரம் அடித்ததற்காக அக்காவை ஒரு ஜீவன்கூடப் பாராட்டியதில்லை. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தங்கையின் கைக்கடியிலிருந்து தாளை உருவினார்.

மூன்றாம் எண் 'மாடிப்படியும்' என்பதோடு நின்றிருந்தது. 'அதன் கீழுள்ள இடமும்' என்ற அடுத்த வரி தனியாக நான்காகியிருந்தது. வழக்கமாக அழிக்கும் எண்களில் இதை மட்டும் விட்டிருக்கிறார். நான்காவதாக இருந்த குளியலறை ஐந்தாகி, தெருப் பக்க அறை ஆறாகியிருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பெண் வாளி மேல் உட்கார்ந்துதான் தைக்க வேண்டும். பிரதி எடுத்த நானும் ஓர் எழுத்துக்கூடப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"நம்பர்தானேம்மா, சின்ன விஷயம்" என்றார் அண்ணன். "எங்களுக்குள்ள தெரியாதா?"

"சின்ன விஷயம்னா அந்த அஞ்சாம் நம்பர நீங்களே வச்சுக்கோங்க" என்றார் அக்கா.

அடுத்து கம்ப்யூட்டருக்கு அர்ச்சனை என்று காத்திருந்தேன். அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். "தப்பு என்னுதும்மா. நான்தான் தட்டினேன்."

தாள்களைக் கிழித்துக் கூடையில் போட்டார். உட்கார்ந்தார். இடது கை ஷிஃப்டில், வலது கை என்டரில். காலண்டர் ஆடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "வாயத் தொறந்தே, தெரியும் சேதி" என்றார். நான் என் மிஷினில் சிக்காத பேப்பரை எடுக்கக் குனிந்தேன்.

புதுத் தாளைத் தங்கையின் முன் வைத்தார். "அஞ்சுல என்ன இருக்கு? அண்ணன் வேணாம், நீ வாசி."

விரல் வைத்து வாசித்தாள். "தெருப் பக்க அறை." கையெழுத்துப் போட்டாள்.

அண்ணன் பேனாவைக் காணவில்லை என்று மேஜைக்கடியில் தேட ஆரம்பித்தார். அது அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.