மாமனார் அறையின் கண்ணாடி

ஆவடி சேக்காட்டில் எங்கள் அடுக்ககத்துக்கு மாமனார் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. திருநெல்வேலியில் ஓய்வுபெற்று, மனைவியையும் இழந்து வந்தவர். பகல் முழுவதும் பால்கனியில் உட்கார்ந்து எதிர் பிளாக்கின் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் என் கணவர், மூன்று நாள் தொடர் விடுமுறை வந்தபோது, பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பழைய பெரிய வீடு ஒன்றில் அறைகள் பிடித்தார். யாரோ நிலக்காரர் ஒரு காலத்தில் கட்டியதாம். இடிந்து கிடந்ததை நகரத்துக்காரர் ஒருவர் வாங்கிப் பழையபடியே புதுப்பித்து, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

போய் இறங்கியதும் கணவர் தூண்களைப் படமெடுத்தார். நான் வழுக்கும் சிவப்புத் தரையைப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு ஒவ்வொரு வாசலிலும் நின்ற நிலைப்படிகளைப் பார்த்தேன். கைப்பிடி இல்லாத மரப்படிக்கட்டைப் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல் ஆன, சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிற ஒருவரை இங்கே அழைத்து வந்திருக்கிறோமே என்றேன். "எப்பப் பாத்தாலும் உனக்கு ஒரு பயம்" என்றார் கணவர்.

மறுநாள் காலை மாமனார் வழக்கமான நேரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டார். வீட்டில் என்றால் உடனே இட்லி தட்டுக்கு வந்துவிடும். இங்கே விறகடுப்புச் சமையல். நிதானமாகத்தான் வரும் என்றார்கள். "சட்டைய மாத்திட்டு வாரேன்" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மேல் தாழ்ப்பாள் ஏறும் சத்தம் கேட்டது. எங்கே போனாலும் தாழ் போடுவது அவர் பழக்கம்.

இலை போட்டார்கள். அவர் வரவில்லை.

முதலில் கணவர் போய்த் தட்டினார். பிறகு நான். "மாமா, சாப்பிட வாங்க." பதில் இல்லை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்தான். ஆனால் அந்தத் தேக்குக் கதவை நான் இரண்டு கையாலும் அறைந்த அறையில் முற்றத்துப் புறாக்கள் பறந்தன. ஏசிக்காக ஜன்னல்களை உள்ளிருந்து சாத்தியிருந்தார்கள். செல்போனில் அழைத்தோம். உள்ளே மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் ஓடிவந்தார். அதே ஊர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். "இன்னாமா, அய்யா தூங்கிகினு கீறாரா?"

"ஊசி போட்டிருக்காருங்க. ஒண்ணும் சாப்பிடல, சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கும். கதவை உடைங்க."

அவர் முகம் வெளுத்தது. "இந்தக் கதவு மேல கைய வெச்சா மொதலாளி என்னை ஊட்டுக்கு அனுப்பிச்சுடுவாரு மா."

கணவர் அந்த முதலாளிக்கே போன் போட்டார். "கதவ மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க சார், அந்த மாதிரி மரம் இப்ப கிடைக்காது. ஆசாரிய அனுப்பறேன், பக்கத்துலதான் இருக்கார்" என்று குரல் வந்தது. கணவர் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் பேசிப் பேசி வந்த பணிவு அது. நான் தரையில் மண்டியிட்டுக் கதவிடுக்கில் காதை வைத்தேன். உள்ளே யாரோ வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். குறட்டை இல்லை.

"நீங்களே கேளுங்க" என்றேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் குனிந்து கேட்டார். எழுந்தவர் கூடத்து மேஜையை இழுத்து வந்து கதவோரம் போட்டார். "மொதலாளிய நான் பாத்துக்கறேன். நீ ஏறு மா."

கதவுக்கு மேலே அரைவட்டமாக வண்ணக் கண்ணாடி பதித்திருந்தது. நடுவில் மரச்சட்டங்கள். கணவரின் கை அதில் நுழையாது, என் கை நுழையும். அழகுக்கு வைத்திருந்த அம்மியின் குழவியை வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் தூக்கிக் கொடுத்தார். ஒரே இடி. சிவப்பும் பச்சையுமாக உள்ளே கொட்டியது. துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு தோள்வரை நுழைத்தேன். முதலில் சுவர்தான் அகப்பட்டது. அப்புறம் பித்தளையின் குளிர்ச்சி. தாழ்ப்பாள் இறுகியிருந்தது. இரண்டு முறை இழுத்தும் வரவில்லை. மூன்றாவதில் இறங்கியது.

மாமனார் கட்டிலில் குறுக்காகக் கிடந்தார். சட்டையில் ஒரு கைதான் ஏறியிருந்தது. உடம்பு வேர்வையில் தொப்பலாக, சில்லென்று. கண் பாதி திறந்திருந்தும் என்னைத் தெரியவில்லை. என் பையிலிருந்த குளுக்கோஸ் பொடியைக் குழைத்துக் கன்னத்தின் உட்பக்கம் தடவினேன். மறுபடியும், மறுபடியும். கணவர் "அப்பா, அப்பா" என்று காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நாக்கு அசைந்தது. விழுங்கினார். கண்கள் எங்கள் முகங்களில் வந்து நின்றன.

"என்ன, எல்லாரும் இப்படி நிக்கிய?" என்றார்.

கணவர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

குமணன்சாவடிப் பக்கம் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். போகும் வழியெல்லாம் லாரிகளுக்கு நடுவே நான் அவர் மணிக்கட்டை விடவில்லை. சோதித்துவிட்டு, பயமில்லை, இனி ஊசி போட்டதும் சாப்பாடு தாமதிக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றேன். மாமனார் கேட்கவில்லை. "மத்தியானம் வாழைப்பூ வடைன்னு சொன்னாவளே. அந்த மச்சில இன்னும் ஏறிப் பாக்கல."

திரும்பியபோது முதலாளி வந்திருந்தார். சண்டைக்கு என்னென்ன பேசுவது என்று வழியெல்லாம் மனதுக்குள் கோத்து வைத்திருந்தேன். அவர் வெறும் சட்டங்களாக நின்ற வளைவைச் சற்றுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு மாமனாரிடம் வந்து, "எங்கப்பாவுக்கும் சர்க்கரைதான் சார்" என்று மட்டும் சொன்னார். ஆசாரியை வைத்து, விருந்தாளிகள் அறைகளின் மேல் தாழ்ப்பாள்களை அன்றைக்கே கழற்றச் சொன்னார். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

சாப்பிட்டுவிட்டு மாமனார் படுத்தார். நான் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கையில் புத்தகம். ஒரு வரிகூட ஓடவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"மூச்சு விட்டுட்டுதாம்மா இருக்கேன். நீ போயி வீட்டச் சுத்திப் பாரு."

"சரி மாமா" என்றேன். எழுந்திருக்கவில்லை.