தறிக்கூடத்துக் கைப்பேச்சு

என் அக்கா பதினோரு வருடமாக விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாற்பது தறிகள் ஒன்றாக ஓடும் இடம். தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அதனால் அங்கே எல்லாப் பேச்சும் கையால்தான். இரண்டு விரலை முறுக்கிக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கிள்ளினால் முடிச்சுப் போட்டாயிற்று. மாமாவுக்கும் அதே கூடத்தில்தான் வேலை. வீட்டிலும் இருவரும் கையாலேயே சண்டை போடுவார்கள். பார்க்கிற எனக்குத்தான் தலை சுற்றும்.

அவர்கள் மகளுக்கு இரண்டரை வயதாகியும் 'அம்மா' என்ற சொல்கூட வரவில்லை. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அக்காவின் நாத்தனார், "எங்கண்ணனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தானாம்" என்றாள். எதிர்வீட்டுக்காரர், நாக்கு அடியில் ஒட்டியிருக்கும் என்றார். நான் சும்மா இருப்பேனா? "எப்பப் பாரு போனைக் கையில குடுத்தா புள்ள எப்படிப் பேசும்?" என்று அக்காவை வறுத்தெடுத்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

காதைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கூப்பிட்டால்தான் திரும்புகிறாளே! பேச்சு வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, முதலில் காதைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்; நானும் கூடப் போனேன். அங்கே காது பரிசோதிக்கும் அம்மாவிடமும் அக்கா அதையே சொன்னாள்.

"எங்க, இப்பக் கூப்பிடுங்க."

அக்கா வழக்கம்போலக் காலைத் தூக்கினாள். அவர் தடுத்தார். "காலைத் தட்டாம, வாயால மட்டும்."

எங்கள் மாடி வீட்டுக்கு மரப்பலகைத் தரை. அதில் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் அக்கா யாரையும் கூப்பிடுவாள். அப்படியானால் இவள் இத்தனை நாள் திரும்பியது குரலுக்கா, பலகையின் அதிர்வுக்கா?

அக்கா மூன்று முறை கூப்பிட்டாள். குழந்தை அங்கிருந்த விளையாட்டுக் கட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தது.

கருவி வைத்துப் பார்த்ததில் இரண்டு காதிலுமே கேட்கும் திறன் மிகக் குறைவு என்று தெரிந்தது. "பேச்சு தாமதமாக ஆயிரம் காரணம் இருக்கும். சில பிள்ளைங்களுக்குக் காதுல நீர் கோத்திருக்கும், சிலருக்கு வளர்ச்சியே மெதுவா இருக்கும். அதான் எதுவா இருந்தாலும் காதை முதல்ல பார்க்கணும்னு சொல்றோம்" என்றார் அவர்.

அக்கா உடைந்து போனாள். "என் பழக்கமே இவ குறையை மறைச்சிடுச்சே. நானே என் புள்ளையக் கெடுத்துட்டேனே" என்று விசும்பினாள்.

குழந்தை கட்டையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தது. அம்மாவின் ஈரக் கன்னத்தைத் தொட்டது. தலையைச் சாய்த்து, இரண்டு பிஞ்சு விரல்களை முறுக்கிக் காட்டியது.

நூல் அறுந்துவிட்டதா?

பரிசோதிக்கும் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என்னம்மா கேக்குறா? யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லித் தரலைங்க" என்றாள் அக்கா. அர்த்தத்தையும் சொன்னாள்.

அவர் குழந்தையின் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "காதுக்கு மிஷின் வெக்கலாம், பயிற்சி குடுக்கலாம். ஆனா நீங்க கையை நிறுத்திடாதீங்க. இவ பேச ஆரம்பிச்சதே உங்க கையாலதான்" என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கிள்ளிக் காட்டினாள். குழந்தை திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கட்டைகளிடம் போனது.

எங்கள் வீட்டில் பேசத் தெரியாத ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.