அம்மாக்களை இழுத்த கயிறு

எங்கள் கரையில் பிள்ளைகளை முறை வைத்து வளர்த்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு தாய். மற்றத் தாய்மார் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலில் மூழ்கிப் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் வத்தைப் படகில் ஏறிவிடுவார்கள். பள்ளிக்கூட வயசு வராத நண்டு சிண்டு நாங்கள், அவர்களே கம்பு நட்டு ஓலை வேய்ந்த கொட்டகையில், அன்றைக்கு முறைக்காரி யாரோ அவளுடைய பிள்ளைகள். அவள் கஞ்சிதான் கஞ்சி, அவள் அதட்டல்தான் அதட்டல்.

அன்று அம்மாவின் முறை. திருக்கை முள் குத்திக் கால் வீங்கி, கடலுக்குப் போகமுடியாமல் கிடந்த அய்யா, “நீ போ, பிள்ளைகள நான் பாத்துக்கிறேன்” என்றார். கரையே சிரித்தது.

“மச்சான், இது மீனில்ல,” என்றாள் சித்தி. “நழுவிப்போனா அடுத்த வலையில பாத்துக்கலாம்னு இருந்துறாதீக.”

“ஒம் மகன் ஒருத்தன் நழுவுனா ஊருக்கு நல்லதுதான, போ.”

விடியுமுன் போய், இருட்டி வந்து உறங்கும் மனிதரை அன்றுதான் பட்டப்பகலில் முழுசாகப் பார்த்தேன். எவ்வளவு பெரியவர்! பழைய வலையில் ஊஞ்சல் கட்டினார். சித்தி மகன் அவர் மடியை நனைத்தபோது வானத்தை அண்ணாந்து பார்த்து, “மழை விழுந்துருச்சு” என்றார். அவர் ஊற்றிய கஞ்சியில் உப்பே இல்லை, ஒருவரும் சொல்லவில்லை.

உச்சி சாய்ந்தது. வத்தை வந்திருக்கவேண்டிய நேரம். தெற்கிலிருந்து சோழகக் காற்று கிளம்பி, ஓலைகளைப் பிய்த்தது. கடல் பச்சையிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து பெயரில்லாத ஏதோ ஒரு நிறமானது. ஒரு குழந்தை அழுதது. உடனே எல்லாம் அழுதன. அம்மா, அம்மா என்று ஒரே குரல். நானும்தான்.

அய்யா எழுந்தார். கரைவலையின் நீண்ட பழைய கயிற்றின் ஒரு நுனியில் கல்லைக் கட்டி, நொண்டிக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போட்டுவிட்டு வந்தார். மறுநுனியை எங்கள் கைகளில் கொடுத்தார்.

“ஏலே, இந்தக் கயிறு ஆத்தாமாரு வத்தையில மாட்டிருக்கு. இழுத்தாத்தான் வரும். அழுதா கை வழுக்கும்.”

அழுகை நின்றது. வரிசையாய் நின்று, குதிகாலை மணலில் புதைத்து இழுத்தோம். கடைசியில் அய்யா. அவர் அம்பாப் பாட்டுப் போட, நாங்கள் ‘ஏலேலோ’ என்றோம். கயிறு அதிர்ந்தது, அந்தப் பக்கம் ஏதோ ஒன்று, உயிருள்ளதாய், பிரம்மாண்டமாய், எங்களைத் திருப்பி இழுத்தது. கடலையே இழுக்கிறோம் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பிப் பார்த்தால், அய்யா விளையாடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண் கடலைவிட்டு அகலாமல், அத்தனை பலத்தையும் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். பாட்டு எப்போது நின்றதென்று தெரியவில்லை.

அப்போது அலைமேட்டில் ஒரு கறுப்புப் புள்ளி ஏறியது, மறைந்தது, மறுபடி ஏறியது.

நாங்கள் கத்திய கத்தலில் காக்கைகள் பறந்தன. நனைந்த தாய்மார் குதித்திறங்கி ஓடிவந்து, பிள்ளைகளை அள்ளித் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் குறையவில்லை. அய்யா மட்டும் இன்னும் கயிற்றை விடவில்லை.

அம்மா அருகே வந்தாள். “பயந்துட்டீகளா?”

“நானா? பிள்ளைகதான் அழுதுச்சுக.”

அவர் விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“நீங்க கடலுக்குப் போனா, தெனமும் நாங்க இங்கன நின்னு இழுக்குறது இப்பத் தெரியுதா?” என்றாள் மெதுவாக.

அய்யா தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா என்றைக்குமே கயிறு பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அய்யாவை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் நடுவே புகுந்து சொன்னேன்: “வத்தை ரொம்பக் கனம்மா. அய்யா இல்லன்னா எங்களால இழுத்திருக்கவே முடியாது.”

கரை முழுக்கச் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. ஈரக் கையால் என் முகத்தைத் துடைத்தாள். அவள் கண்ணில் வழிந்ததையும் கடல் தண்ணீர் என்றே நினைத்துக்கொண்டேன்.