பாத்திட்டு வாறன் தில்லம்மா

எங்கட நாவலடிச்சேனையில தில்லம்மா எண்டு மூணு பேர் இருக்காங்க. ஆனா "பாத்திட்டு வாறன் தில்லம்மா" எண்டு கேட்டுப் பாருங்க, கைக்குழந்தையும் அந்த வளவக் காட்டும். நெல் அவிச்சு அரிசி விக்கிற மனிசி. எனக்கு மாமி முறை. நான் ஓட்டோ ஓட்டுறவன். அதுதான் என்ர தலைவிதி.

எல்லை வீதிக்கு இங்கால நாங்க, தமிழ் ஆக்கள். அங்கால காதர்வெளி, முஸ்லிம் ஆக்கள். சண்டை முடிஞ்சு ரெண்டு வருசம் எண்டு ரேடியோவில சொன்னாங்க. சண்டை முடிஞ்சதே தவிர கதை முடியல்ல. கிழமைக்கு ஒண்டு வரும். அவனுகள் எங்கட கோயில் மாட்ட அறுத்துப் போட்டானுகளாம். இவனுகள் அவங்கட பள்ளிச் சுவரில என்னமோ எழுதிப் போட்டானுகளாம். கதை வந்தா எங்கட பொடியனுகள் மண்வெட்டிப் பிடி தேடுவானுகள். மாமி செருப்புத் தேடுவா.

"கண்டதா, கேட்டதா?" எண்டு கேப்பா. கேட்டது எண்டு சொன்னாப் போதும். "அப்ப நான் பாத்திட்டு வாறன்" எண்டு, அடுப்பில அவியிற நெல்ல அப்படியே விட்டுப்போட்டு என்ர ஓட்டோவில ஏறிடுவா. நான் சோத்தில கை வைக்கிற நேரம் பாத்துத்தான் இந்த ஊருக்குக் கதை வரும். எத்தின நாள் கை கழுவாம ஓடியிருப்பன் எண்டு என்ர பொஞ்சாதியக் கேட்டுப் பாருங்க.

கோயில் மாட்டத் தேடிப் போனம். அது சந்தைக்குப் பின்னால நிண்டு வாழைப்பழத்தோல் திண்டுகொண்டிருந்திச்சு. குளத்தில நஞ்சு கலந்திட்டாங்க எண்டு ஒரு கதை வந்திச்சு. மாமி ஊர்ச்சனம் பாக்க ரெண்டு கை தண்ணிய அள்ளிக் குடிச்சுப்போட்டு வீட்ட போய் நெல்லக் கிண்டினா. அதுக்குப் பிறகு மூணு நாள் நான் அவவ ஓட்டோவில ஏத்தவே பயந்தன். செத்தா என்ர வண்டியிலதான் சாவா எண்டு ஒரு பயம். அந்த மனிசிக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்ல.

ஒருக்கா ஒரு நிறுவனம் வந்து சமாதானக் குழு எண்டு ஒண்டு அமைச்சு மாமியையும் சேத்தாங்க. பெரிய மண்டபம், பெரிய பதாகை, மத்தியானம் கோழிக்கறியோட சாப்பாட்டுப் பொதி. சமாதானம் எண்டா என்ன எண்டு கடதாசியில படம் கீறச் சொன்னாங்களாம். மாமி பாதியில எழும்பி வந்திட்டா. நெல் காயப் போட்டிருக்கு, மழை இருட்டுது எண்டா. நான் எனக்குக் கிடைச்ச பொதியச் சாப்பிட்டுப்போட்டுத்தான் வந்தன். அதில என்ன வெக்கம்?

ஊரில அவவுக்கு நல்ல பேர் எண்டு நினைக்காதீங்க. காதர்வெளிக்கு வாலாட்டுற மனிசி எண்டுதான் பரசு எப்பவும் சொல்லுவான். இந்தப் பரசு ஆரெண்டா, ஊருக்குக் கதைய முதல்ல கொண்டு வாற ஆள். ஒரு கதை கொண்டு வந்தா அதுக்குக் கை கால் வைச்சுச் சொல்லுவான். மாமி போய்ப் பாத்து அது பொய் எண்டு வந்து சொன்னா, அவனுக்குப் பல்லுவலி வந்த மாதிரி மூஞ்சி போயிரும்.

அப்ப இந்த மனிசிக்கு ஏன் இந்த ஓட்டம்? எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயால சொல்றதில்ல. நான் சொல்றன்.

தொண்ணூறாம் ஆண்டு. அவவிட மகன் தயாளன் அப்ப கைக்குழந்தை. மாமா விறகுக்குப் போனவர், ரெண்டு நாளாக் காணல்ல. அவர காதர்வெளியில வெட்டிப் போட்டாங்க எண்டு கதை வந்திச்சு. கண்டதா, கேட்டதா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. மாமி முற்றத்தில விழுந்து கத்தினா. எனக்குப் பத்து வயசு. அந்தச் சத்தத்த நான் இண்டைக்கும் மறக்கல்ல, அப்படி ஒரு சத்தம். அதக் கேட்டுக்கொண்டே எங்கட ஆம்பிளைகள் எழும்பிப் போனாங்க. எல்லைக்கு அங்கால ஆடு மேய்ச்சுக்கொண்டு நிண்ட உதுமாலெப்பை எண்ட கிழவர வெட்டிப் போட்டு வந்தாங்க.

நாலாம் நாள் மாமா தோணியில வந்து இறங்கினார். பாதை அடைச்சதால ஆத்துக்கு அங்கால தங்கச்சி வீட்டில நிண்டிருக்கார். மாமி அவருக்குச் சோறு போட்டுக் குடுத்திட்டு, கிணத்தடியில போய்க் குடல் வெளிய வாற மாதிரிச் சத்தி எடுத்தாவாம். மாமா பிறகு கன வருசம் இருந்து பாம்பு கடிச்சுத்தான் செத்தார்.

அந்தக் கிழவரிட மகள் சபூறா. காதர்வெளிச் சந்தியில அப்பக்கடை வைச்சிருக்கிறா. பாதை திறந்த பிறகு மாமி மூணு தரம் அந்தக் கடை மட்டும் போய்ப் பேசாமத் திரும்பி வந்தா. நாலாம் தரம் போய், அண்டைக்குக் கத்தினது நான்தான் எண்டு சொல்லிப்போட்டா. சபூறா பலகையப் போட்டுக் கடையச் சாத்திட்டா. ரெண்டு கிழமை கழிச்சு அவவாத்தான் மாமியிட வாசலுக்கு வந்தா. எங்கட பக்கத்தப் பத்தி ஒரு கதை வந்தா என்னட்டக் கேளு, உங்கட பக்கத்தப் பத்தி வந்தா நான் உன்னட்டக் கேப்பன், வேற ஒண்டும் என்னால கதைக்க ஏலா எண்டு சொன்னா. மன்னிச்சன் எண்டும் சொல்லல்ல, மன்னிக்க மாட்டன் எண்டும் சொல்லல்ல. மாமி குடுத்த தேத்தண்ணியக் குடிக்காமப் போனா. ஆனா அண்டையிலிருந்து ரெண்டு பேரிட போனிலயும் மற்றவவிட நம்பர்தான் முதல்ல கிடக்கும்.

ரெண்டாயிரத்துப் பதினொண்டு ஆவணியில கிரீஸ் பூதம் எண்டு ஒரு கூத்து வந்திச்சே, அதுக்குள்ள மாட்டாத ஊர் இந்தக் கரையில இல்ல. உடம்பெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு ஒருத்தன் பொம்பளைகளக் கீறிப்போட்டு ஓடுறானாம். பிடிச்சவனும் இல்ல, நல்லாக் கண்டவனும் இல்ல. ஆனா எல்லா ஊரிலயும் எல்லாற்ற கையிலயும் பொல்லு. எங்கட ஊரில சட்டிபானை விக்க வந்த காதர்வெளிப் பொடியன ஒருத்தன பூதம் எண்டு கட்டிப்போட்டாங்க. சபூறா மாமிக்குப் போன் அடிச்சா, மாமி ஓடிப்போய்த் திட்டித் திட்டி அவிழ்த்து விட்டா.

அதுக்கு அடுத்த வெள்ளி. அவங்களுக்கு நோன்பு மாசம். தயாளன் உழவு மெசின் திருத்திற பொடியன். இருவத்தொரு வயசு. காலையில காதர்வெளிக்கு மெசின் பாக்கப் போயிருந்தான். எந்த நாளும் முழங்கை மட்டும் கிரீஸ்தான் அவனுக்கு. மெசின்காரர் ஜும்மாவுக்குப் போன நேரம், இவன் கை கழுவக் கிணத்தடிக்குப் போயிருக்கான். அங்க நிண்ட பொம்பளைப்பிள்ளை அந்தக் கையக் கண்டு வீரிட்டுக் கத்தியிருக்கு. தொழுகை முடிஞ்சு வந்த சனம் முழுக்க அந்த வளவுக்குள்ள பாஞ்சிட்டுது.

இதெல்லாம் பிறகு தெரிஞ்சது. எங்களுக்கு வந்தது பரசு மோட்டர்சைக்கிள்ல கொண்டு வந்த கதை. தயாளன அடிச்சுச் சாகடிச்சுப் போட்டாங்க எண்டான். மாமி அரிசி புடைச்சுக்கொண்டிருந்தா. சுளகு கையால விழுந்திச்சு. வாயத் திறந்தா, சத்தம் வரல்ல. ஓடிவந்து ஓட்டோவில ஏறினா. நான் பறந்தன். கண்ணாடியில பாத்தா, பின்னால ஒரு அம்பது பேர், பொல்லும் கத்தியுமா, சைக்கிள்ல, உழவு மெசின் பெட்டியில. உண்மையச் சொல்றன், எனக்கும் ரத்தம் கொதிச்சிச்சு. தயாளன் நான் தூக்கி வளத்த பொடியன்.

எல்லை வீதியில ஏறுற இடத்தில மாமி என்ர தோளில அடிச்சு நிப்பாட்டச் சொன்னா. திரும்பி அந்தச் சனத்தப் பாத்தா. பிறகு இறங்கிப் போய் வீதிக்கு நடுவில, கொதிக்கிற தாருக்கு மேல சப்பணம் கட்டி இருந்திட்டா.

எனக்கு விசர் பிடிச்சிச்சு. "மாமி, ஏறுங்க. என்ன செய்றீங்க?"

"நான் போனா இவங்களும் எனக்குப் பின்னால வருவாங்க மனே. நான் போகல்ல."

போன் அடிச்சா. சபூறா எடுக்கல்ல. திரும்ப அடிச்சா, எடுக்கல்ல. மூணாந்தரம் அடிக்கச் சபூறா எடுத்தா. என்ர மகன் எண்டு மட்டும் மாமி சொன்னா. அங்கால சபூறாட குரல் எனக்கும் கேட்டிச்சு. "இரி புள்ள. பாத்திட்டு வாறன்."

அதுக்குப் பிறகு இருவது நிமிசம். அந்த இருவது நிமிசத்த நான் எப்படிச் சொல்ல? ஓட்டோவ ஸ்ராட் பண்ணினன், நிப்பாட்டினன், திரும்ப ஸ்ராட் பண்ணினன். சனம் சுத்தி நிண்டு கத்துது. பெத்த தாயா இவ எண்டு ஒரு பொம்பளை துப்பினா. எழும்புங்க இல்லாட்டி உங்களச் சுத்திக்கொண்டு போவம் எண்டானுகள். மாமியத் தாண்டிப் போறதுக்கு ஒருத்தனுக்கும் கால் எழும்பல்ல, அதுவும் உண்மை. செத்தவனிட தாய் எண்டு நினைச்சுக்கொண்டுதான் எல்லாரும் அவவப் பாக்குறாங்க. அவ சீலைத் தலைப்பச் சுருட்டி வாய்க்குள்ள வைச்சுக் கடிச்சுக்கொண்டிருந்தா. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சிருந்திச்சு.

போன் அடிச்சிச்சு. சபூறா சொல்லச் சொல்ல, மாமி அவவிட சொல்ல அப்படியே ஒவ்வொண்டா எங்களுக்குத் திருப்பிச் சொன்னா. உயிரோட இருக்கான். எங்கட ஆக்கள்தான் அடிச்சது. தலை வெடிச்சிருக்கு, இடக்கை முறிஞ்சிருக்கு. நான் போய்க் கட்ட அவிழ்த்திட்டன். இப்ப வேனில ஆசுபத்திரிக்குக் கொண்டு போறன்.

அடிச்சது எண்ட சொல்லக் கேட்டதும் சனம் திரும்பக் குமுறிச்சு. அதுக்குள்ள பரசு முன்னுக்கு வந்தான். "ஆர் சொல்ற கதைய ஆர் நம்புறது? அவள்ர வாப்பாவ வெட்டினது நாங்க. அவள் உனக்கு உண்மை சொல்லுவாளா?"

இருவத்தொரு வருசம். ஒருத்தரும் வெளிய சொல்லாத சங்கதி. இவன் நடுவீதியில, பட்டப்பகல்ல, சின்னப் பிள்ளைகள் நிக்கச் சொல்லிப்போட்டான். வயசான ரெண்டு மூணு பேர் தலையக் குனிஞ்சாங்க. என்ர அப்பாவும் அதுக்குள்ள ஒருத்தர். நான் அவர அண்டைக்கு அங்க பாத்திருக்கவே கூடாது எண்டு நினைக்கிறன்.

மாமி எழும்பினா. சத்தம் போடாமத்தான் கதைச்சா.

"வெட்டினது நீங்க, கத்தினது நான். மனிசன் நாலாம் நாள் வந்து சோறு திண்டார். இண்டைக்கு அடிபட்டது என்ர பிள்ளை. நான் கத்தல்ல. அப்ப நீங்க ஆருக்காகப் போறீங்க?"

எல்லாரும் மனம் திருந்தி அழுதாங்க எண்டு நான் புளுக மாட்டன். ஒருத்தனுக்கு மாடு கட்டிப்போட்டு வந்தது நினைவு வந்திச்சு. ஒருத்தன் தண்ணி குடிக்கப் போனான். பொலிஸ் வரும் எண்டு ஒருத்தன் சொன்னான். அப்படி அப்படியே கலைஞ்சாங்க. கடைசி ஆள் திரும்பிற வரைக்கும் மாமி அசையல்ல. பிறகுதான் ஓட்டோவில ஏறினா. காதர்வெளிக்குள்ளால போற குறுக்குப் பாதை வேண்டாம், பெருவீதியால சுத்திப் போ எண்டா.

ஆசுபத்திரியில தயாளன் கட்டில்ல கிடந்தான். தலையில பதினாலு தையல், கையில மாவுக்கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்திச்சு. பக்கத்து வாங்கில சபூறா, நோன்போட, உதடு வெடிச்சு, சீலையெல்லாம் அவன்ர ரத்தமா இருந்தா. எங்களக் கண்டதும் எழும்பி மாமிக்கு இடம் விட்டா.

அவன் மற்றக் கண்ணால தாயப் பாத்தான். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கல்ல.

"எனக்கு அடி விழுந்தது உங்களுக்கு உடன தெரியுமாம். ஏன் வரல்ல?"

"எல்லை வீதியில இருந்தன் மனே."

"நான் செத்திருந்தா?"

நான் இடையில பூந்து என்னவாவது சொல்ல வாயெடுத்தன். ஒரு தாய் இந்த இடத்தில ஒரு பொய் சொன்னா என்ன குறைஞ்சு போகும்? சபூறாவும் மாமியத்தான் பாத்துக்கொண்டு நிண்டா. மாமி அவன்ர காலில கைய வைச்சா.

"செத்திருந்தாலும் அங்கதான் இருந்திருப்பன்."

தயாளன் முகத்தச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதுக்குப் பிறகு மூணு வருசம் அவன் அவவ அம்மா எண்டு கூப்பிடல்ல.