இரண்டு பேருக்கு நடுவே ஒரு ‘என்கிற’

என் மகளை நான் கூப்பிடவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள். தோட்டத்துப் பக்கம் துணி காயப்போடப் போனபோது கால் இடறி விழுந்தேன். இடுப்பில் கம்பி வைத்தார்கள். போன் போட்டு அவளுக்குச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரி. மறுநாளே பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள்.

அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். படித்தது, நர்ஸ் என்று பதிவு செய்தது எல்லாம் அந்த மாநிலத்தில்தான். மூச்சுக்குக் குழாய் வைத்துப் படுத்திருப்பார்களே, அந்த வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள், அது அவள் இஷ்டம். லீவு முடிந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள், அதுவும் முடிந்தது. எனக்கோ கட்டிலை விட்டு இறங்கவே ஆள் வேண்டியிருந்தது.

ஒரு நாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள், “வேலைய வுட்டுட்டேம்மா.”

“யாரைக் கேட்டு வுட்ட?”

“உன்னைக் கேட்டா வுட வுடுவியா?”

“இங்க இன்னா பண்ணுவ? கிரிவலம் வர்றவங்களுக்கு மோர் விப்பியா?”

“இந்த ஊர்ல ஆஸ்பத்திரியே இல்லியா? நர்ஸுக்கு எங்கயும் வேலை இருக்கும்மா. நீ குடி.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊசி எங்கே போட்டாலும் ஊசிதானே. பெங்களூர்க்காரனுக்கு ஓடுகிற நரம்புதான் நம்ம ஊர்க்காரனுக்கும் ஓடுகிறது.

செங்கம் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே இருந்த பெரிய நர்ஸம்மாவுக்கு இவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நாளைக்கே வா என்றார்களாம். ஆனால் தமிழ்நாட்டுப் பதிவு நம்பர் வேண்டும், அது இல்லாமல் நோயாளியைத் தொட விட முடியாது, அது வரும்வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன் என்று நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பினார்கள்.

மாநிலம் மாறினால் நர்ஸும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமாம். இவள் நர்ஸ்தான் என்று அந்த மாநிலத்து ஆபீஸ் எழுதி சென்னை ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தாளை இவள் கையில் கொடுக்க மாட்டார்கள். ஆபீஸிலிருந்து ஆபீஸுக்கு நேராகப் போகும். இவள் தினம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் இவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது.

பத்தாவது மார்க் சீட்டில் இவள் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல் இருக்கிறது. அங்கே பதிவு செய்த தாளில் இவள் பெயரோடு இருக்கிற அப்பா பெயர் வேறு எழுத்தில் ஆரம்பிக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பெண்ணும் பெங்களூரில் நர்ஸானவளும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று சென்னையில் கேட்டுவிட்டார்கள்.

இரண்டும் ஒரே ஆள்தான். இரண்டு அப்பனும் ஒரே ஆள்தான்.

என் வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூர் பக்கம் பிறந்தவர். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. அதனால் இவர் பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு, பெருக்க வந்தவளை விட்டு எடுக்கச் சொல்லி, அதற்கேற்ற பெயரை வைத்தார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிட்டுப் போகவேண்டும், அதுதான் கணக்கு. போனான். ரேஷன் கார்டு, பட்டா எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான் ஏறியது. மீசை முளைத்த பிறகு அவருக்கு அது பிடிக்கவில்லை. மலையில் இருக்கிற சாமி பெயரைத் தானாகவே வைத்துக்கொண்டார். ஊரும் அப்படியே கூப்பிட்டது. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியாரிடம் சாமி பெயரைத்தான் சொன்னார். பிள்ளையை யாரும் கேலி பண்ணக் கூடாது என்று நினைத்திருப்பார்.

பெங்களூர் காலேஜில் ஒற்றை எழுத்து செல்லாது, அப்பா பெயரை விரித்து எழுது என்றார்கள். ரேஷன் கார்டைக் கேட்டார்கள். அதில் குப்பைப் பெயர் இருந்தது. அதை எழுதிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லை.

“எமனே ஏமாந்து போய்ட்டான்,” என்றாள் மகள். “ஆபீஸ் ஏமாற மாட்டேங்குது பாரு.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்போது சிரிக்க முடிந்தது.

இரண்டு பெயரும் ஒருவரே என்று தாலுகா ஆபீஸில் சான்று தருவார்களாம். அவர் இருந்தால் அவரே வந்து சொல்லியிருப்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சொல்வதற்கு நான்தான் இருக்கிறேன்.

அந்தக் கஷ்டம் என்ன என்று சொல்லவேண்டும். அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இரண்டில் எதையுமே சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் என் வயசுக்காரிகள் யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் மற்றவள் புருஷன் பெயர் அவள் வீட்டோடு கிடக்கும். என் புருஷன் பெயர் இந்த ஊர் முழுக்கக் கேட்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் வாசல் வழியாக லட்சம் பேர் அந்தப் பெயரைச் சொல்லி அரோகரா போட்டுக்கொண்டு போவார்கள். நான் அரோகரா மட்டும் போடுவேன். டவுன் பெயரிலும் அவர் இருக்கிறார், நான் இருக்கும் கிராமத்தின் பெயரிலும் இருக்கிறார். பஸ்ஸில் ஏறினால் ‘மலைக்குப் பின்னாடி ஒண்ணு குடு’ என்றுதான் டிக்கெட் கேட்பேன். கண்டக்டர்களுக்குப் பழகிவிட்டது. சாமியிடமும் ‘மலைமேல இருக்கிறவனே’ என்றுதான் வேண்டிக்கொள்வது.

ஆட்டோவில் என்னைத் தூக்கி உட்காரவைத்து, வாக்கரை மடக்கிப் பக்கத்தில் போட்டு, தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிப்போனாள். நல்ல புடவை கட்டிக்கொண்டேன். எங்கே போனாலும் நான் அப்படித்தான் போவேன். சின்ன வயசு அதிகாரியம்மா. எனக்கு நாற்காலி போடச் சொன்னாள், மரியாதை தெரிந்த பெண்.

“வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா.”

நான் மகளைப் பார்த்தேன்.

“அவங்க சொல்ல மாட்டாங்க மேடம். நான் சொல்றேன்.”

“நீங்க சொன்னா எப்படிங்க? சான்று உங்களுக்குத்தானே கேக்கறீங்க. அவங்கதான் சாட்சி. அவங்க வாயால சொல்லணும்.”

பின்னால் பட்டாவுக்கு நின்றிருந்த ஒருவன், “சொல்லு ஆயா, அவரு எழுந்து வந்து கோச்சுக்கவா போறாரு?” என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

“உன் பொண்டாட்டி உன் பேரைச் சொல்றாளா?” என்று கேட்டேன்.

“அவ பேரா சொல்றா? அதைவிட மோசமால்ல சொல்றா.”

இன்னும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. பையை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சொன்னேன்.

குப்பைப் பெயர்தான் முதலில் வந்தது. பிறகு மற்றதையும் சொன்னேன். இங்கே மறுபடி சொல்ல மாட்டேன், ஒரு தடவை போதும். என் காதுக்கே அது யாரோ சொன்ன மாதிரி இருந்தது. தண்ணீர் கேட்கலாம் என்று தோன்றியது, கேட்கவில்லை.

அதிகாரியம்மா எழுதிக்கொண்டாள். பிறகு தாள்களைப் புரட்டிப் பார்த்தாள்.

“சரிங்கம்மா. ஆனா ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிற மாதிரி பழைய பேப்பர் எதனாச்சும் இருக்குதா? நிலப் பத்திரம், பாஸ்புக், ஏதாவது? ‘இன்னார் என்கிற இன்னார்’னு போட்டிருப்பாங்க பாருங்க. நடுவுல அந்த ‘என்கிற’ இருந்தா போதும், நான் போட்டுக் குடுத்துடுவேன்.”

“அதான் நான் சொன்னேனேம்மா.”

“நீங்க சொன்னது சரிதாங்க. வெறும் வாய்ச் சொல்லை வச்சு நான் எழுத முடியாது. நாளைக்கு என்னை ஒருத்தர் கேட்டா நான் எதைக் காட்டுவேன்?”

அவள் பேரில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். தப்பு இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

வீட்டில் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். பட்டாவில் ஒரு பெயர். கல்யாணப் பத்திரிகையில் இன்னொரு பெயர். அவர் போனபோது சுவரில் ஒட்டிய போஸ்டரை யாரோ போனில் படம் எடுத்து வைத்திருந்தார்கள், அதிலும் ஒரே பெயர்தான். நடுவில் அந்தச் சொல் எங்கேயும் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு மனுஷன் தன்னையே இரண்டாக வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். நடுவில் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் கேட்டாள். அப்பா சொன்னதைத்தான் எழுதினோம் என்றார்கள். காலேஜில் கேட்டாள். கார்டில் இருந்ததைத்தான் எழுதினோம் என்றார்கள். உயிரோடு இருக்கிறவர் என்றால் அரசாங்கக் கெஜட்டில் போட்டுப் பெயரை மாற்றிக்கொள்ளலாம், செத்தவருக்கு முடியாது என்று ஒரு வக்கீல் சொன்னார். எல்லாரும் அவரவர் இடத்தில் சரியாகத்தான் இருந்தார்கள்.

பெரிய நர்ஸம்மா எவ்வளவு நாள்தான் இடத்தைப் பிடித்துவைப்பார்? வேறு ஒரு பெண்ணைப் போட்டாயிற்று. பேப்பர் வருகிறவரைக்கும் உதவியாளாக வா என்று இவளைக் கூப்பிட்டார்கள். பெட்பான் வைக்கலாம், துணி மாற்றலாம், சக்கர நாற்காலி தள்ளலாம். ஊசி, மருந்து பக்கம் போகக் கூடாது. இவள் சரி என்றுவிட்டாள். அங்கே நர்ஸுகளுக்கு வெள்ளை, உதவியாளுக்குப் பழுப்பு. அந்தப் பழுப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“பெங்களூருக்கே போடி. அங்க நீ நர்ஸு. இங்க எவளோ ஏவுறதுக்கு ஓடிக்கினு இருக்க.”

“நீ கட்டில்லருந்து கக்கூஸ் வரைக்கும் தனியா நடந்து காட்டு. அன்னிக்கே பஸ் ஏறிடறேன்.”

“நடந்துட்டா?”

“நடயேன். யாரு வேணாம்னா.” செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இனிஷியல் என் கையில் இல்லை. செத்தவர் பெயரும் என் கையில் இல்லை. கால் என்னுடையதுதானே என்று நினைத்தேன். அவள் வேலைக்குப் போனபிறகு தினமும் முயற்சி பண்ணினேன். வாக்கரை முன்னால் வைத்து, நல்ல காலை ஊன்றி, கம்பி வைத்த பக்கத்தை இழுத்து வைப்பேன். கதவு வரைக்கும் போன நாளும் உண்டு. அதற்குமேல் இடுப்பு கேட்காது. யாரையும் கூப்பிட மாட்டேன், மெதுவாகத் திரும்பிவிடுவேன்.

ஒரு நாள் நிலைப்படியைத் தாண்டிப் பார்த்துவிட வேண்டும் என்று போனேன். வாக்கர் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் போகவில்லை. சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். அடி படவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி துவைக்கிற சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் வருவாள். கொடுக்கவில்லை. வெயில் வாசலிலிருந்து சமையல் கட்டுக்குப் போகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

மகள் வந்தாள். பையைக் கீழே போட்டாள். திட்டவில்லை. பழுப்பு உடுப்போடு என் முன்னால் குந்தி, காலைத் தடவிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, இரண்டு கையையும் என் கக்கத்துக்கு அடியில் கொடுத்தாள்.

“ஒந்து,” என்றாள். “எரடு.”

அங்கே நோயாளியைத் தூக்கும்போது அப்படி எண்ணுவார்களாம். தமிழில் எண்ண அவள் கைக்கு வரவில்லை.

“மூரு.”

எழுந்துவிட்டேன். என் காலால் இல்லை.