ட்ரைலர் ஓடிய மேட்னி

காந்திபுரத்துக்குப் பக்கம் ஒரு தியேட்டரில் கேட்டில் நின்றேன். டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கொடுப்பது, கூட்டம் நெருக்கினால் அடிப்பது. இரண்டும் ஒரே வேலைதான். கையில் பிரம்பு இருக்கும். புதுப்படத்துக்குப் பிரம்பு ஆகாது, பெல்ட்.

அந்த வருஷம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. ட்ரைலர் எப்போது?

அவர்கள் கொண்டாடிய நடிகர் முகமூடி மாட்டிக்கொண்டு ஆகாசத்தில் பறக்கிற படம். படம் வர நாள் இருந்தது. அதற்கு முன்னால் ட்ரைலர் வரும் என்றார்கள். ட்ரைலர் அப்போது டிவியில் வராது. வேறு படத்தின் பெட்டிக்குள் சின்ன ரீலாக வரும். இடைவேளை முடிந்ததும் ஓட்டுவோம். எந்தப் பெட்டியில், எந்த வெள்ளிக்கிழமை வரும் என்று மேனேஜருக்கே தெரியாது. பெட்டியைத் திறந்தால்தான் தெரியும்.

"ஏனுங்ண்ணா, இன்னைக்கு ட்ரைலர் உண்டுங்களா?"

"தெரியாது."

"வந்துருச்சு. நீங்க மறைக்கறீங்க."

"மறைக்க அதென்ன உன்ற கோமணமா? அக்கட்டால போ."

நகராவிட்டால் முழங்காலுக்குக் கீழே ஒன்று வைப்பேன். அங்கே அடித்தால் நடப்பார்கள்.

தியேட்டருக்கு எதிரே டீக்கடை. அங்கே இரண்டு கூட்டம் உட்காரும். ஒன்று கணபதியில் லேத்துப் பட்டறை, பவுண்டரி வேலை செய்கிறவர்கள். இன்னொன்று கருமத்தம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிற தறிக்காரர்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நடிகர்தான். அதனால்தான் சண்டை. வேறு நடிகரின் ஆட்களாக இருந்திருந்தால் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள்.

"பாட்டுக் கேசட்டு வராம ட்ரைலர் உடமாட்டாங்க. ஐப்பசி ஆயிரும்" என்பான் ஒருத்தன்.

"பறக்கறதையே இன்னும் எடுக்கலையாம். பம்பாயில கம்ப்யூட்டர்ல பண்ணிட்டு இருக்காங்களாம்."

"உங்கொப்பன் போயி பாத்துட்டு வந்தானா?"

அப்பன் பெயர் வந்தால் டம்ளர் பறக்கும். டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நிறுத்திவிட்டுச் சில்வர் வாங்கிப் போட்டார். அதிலும் மண்டை உடைந்தது.

தறிக்கூட்டத்துக்குத் தலை என் மச்சினன். என் மனைவியின் தம்பி. கை வேகமான தறிக்காரன். வாய்தான் நீளம். ஆடிப் பெருக்குக்குள் ட்ரைலர் வரும், வரவில்லையென்றால் ஒரு பக்க மீசையை எடுத்துவிடுகிறேன் என்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். வரவில்லை. மீசையையும் அவன் எடுக்கவில்லை.

கணபதிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிடித்தார்கள். நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிக்கொள்ள, ஒருத்தன் நெஞ்சில் உட்கார்ந்து பிளேடால் வறட்டு மழிப்பாக மழித்தான். இவன் தலையை ஆட்டியதில் மேலுதடு கிழிந்தது. சட்டை முழுக்க ரத்தத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். தையல் போட்டோம்.

மறு வாரம் தறிக்காரர்கள் அந்த மழித்தவனைப் பிடித்தார்கள். தறியில் நூலைக் கொண்டு இங்கும் அங்கும் ஓடுகிற கட்டைக்கு நாடா என்று பெயர். இரண்டு முனையிலும் இரும்புப் பூண் இருக்கும். அதை வாயில் வைத்து இடித்தார்கள். அவனுக்கு முன்பல் போயிற்று.

இவ்வளவும் ஒரு தேதிக்காக.

இதற்கு நடுவில் மச்சினனுக்குப் பெண் அமைந்தது. அவிநாசிப் பக்கம், தோட்டம் துரவு உள்ள குடும்பம். பெண்ணின் அப்பா வந்து பார்த்துவிட்டு, "உதட்டுல தையல் இருக்குதுங்களே" என்றார். "நாடா தெறிச்சு அடிச்சுப் போட்டுதுங்க" என்றாள் என் மனைவி. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அவர் தலையாட்டினார். ஐப்பசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

அவர்கள் போனதும் என் மனைவி என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, இவன் சண்டைக்காரன்னு அவங்க காதுல உழுந்துச்சுன்னா பொண்ணு இல்லைன்னு போயிருவாங்க. நிச்சயம் ஆகற வரைக்கும் இவனைப் பாத்துக்கறது உங்க பொறுப்பு."

"நான் கேட்டுல நிக்கறவன். அவனுக்குப் பொறகால திரிய முடியுமா?"

"அவன் வாறதே உங்க கேட்டுக்குத்தானுங்க?"



புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. ஆபரேட்டர் திறந்தார். உள்ளே அந்தச் சின்ன ரீல். காலைக்காட்சிக்கு வேறு பழைய படம், இந்தப் பெட்டி மேட்னியிலிருந்துதான். யாரிடமும் சொல்லவில்லை என்றார். ஆனால் காலைக்காட்சி முடிவதற்குள் ரோட்டில் ஆள் நிரம்பிவிட்டது. மேட்னிக்குக் கேட்டைத் திறக்கும் முன்பே இரண்டு பேருக்கு மூக்கில் ரத்தம்.

ஒவ்வொருத்தனையும் தடவித்தான் உள்ளே விட்டேன். கணபதிக்காரர்களிடம் சைக்கிள் செயின், போல்ட் மாட்டிய கயிறு. பிடுங்கி மூலையில் போட்டேன். எல்லாம் சிக்கவில்லை. சூடத்தையும் பிடுங்கினேன். நடிகர் முகம் திரையில் வந்ததும் முன்னால் போய் உள்ளங்கையில் சூடம் ஏற்றிக் காட்டுவது அவர்கள் வழக்கம். முதல் சூடம் யாருடையது என்பதுதான் கௌரவம். அதற்காகக் கை வெந்தவர்கள் உண்டு.

தறிக்காரர்கள் சட்டைக்குள் எதையோ திணித்துக்கொண்டு தொப்பையும் தொந்தியுமாக வந்தார்கள். மச்சினன் முன்னால் நின்றான்.

"என்னடா இது?"

"பஞ்சுங்க மாமா."

தறிக்கூடத்தில் தறிக்கு அடியில் சேருகிற பஞ்சுத் தூசி. கூட்டி மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள்.

"எதுக்கு?"

"பேப்பரைக் கிழிச்சு வீசுனா கீழ உழுந்துரும் மாமா. இது உழுகாது. அப்படியே நிக்கும். லைட்டு பட்டா மேகமாட்ட இருக்கும். அவரு மேகத்துக்குள்ள பறக்கறாப்புல இருக்குமுங்க."

மேனேஜர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பஞ்சுதானப்பா. பேப்பர்னா கூட்டி அள்ளோணும். உடு."

விட்டேன். அவனை மட்டும் தனியாக இழுத்தேன். "உங்கக்கா சொன்னது நாவகம் இருக்குதா?"

"ஒரு சண்டையும் இல்லீங் மாமா. பாத்துப்போட்டு வந்துருவேன்."

தறிக்கூடத்தில் எவனாவது பீடி பற்ற வைத்தால் முதலாளி செருப்பைக் கழற்றுவார். பஞ்சில் தீ எப்படி ஓடும் என்று ஊரில் மற்ற எவனையும்விட அவர்களுக்குத் தெரியும். ஆனால் சூடம் சாமிக்குக் காட்டுவது. அதைப் பீடியோடு சேர்த்து நினைக்க அவர்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

இடைவேளை முடிந்து விளக்கை அணைத்தார்கள். திரையில் சென்சார் சர்டிபிகேட் விழுந்தது. படத்தின் பெயரைப் படித்ததும் எழுந்த சத்தத்தில் கதவு அதிர்ந்தது. நான் வாசல் திரையை விலக்கிக்கொண்டு நின்றேன். தறிக்காரர்கள் சட்டையைக் கிழித்துப் பஞ்சை அள்ளி மேலே வீசினார்கள். அவன் சொன்னது சரி. விழவில்லை. புரொஜக்டர் வெளிச்சத்தில் தலைக்கு மேலே வெள்ளையாக நின்றது.

மச்சினன் ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் மேடையில் ஏறினான். செருப்பில் ஒளித்த சூடமாம், பிறகு சொன்னான். உள்ளங்கையில் வைத்துப் பற்ற வைத்து, திரைக்கு முன்னால் கையைத் தூக்கினான். பல் போனவன் பின்னாலேயே ஏறினான். கையில் செயின். அதைச் சுழற்றி இவன் தோளில் இறக்கினான். சூடம் கையோடு மேலே எழும்பிப் பஞ்சில் பட்டது.

சத்தம் பெரிதாக இல்லை. பெட்ரோமாக்ஸ் பற்றுவதுபோல ஒரு புஸ். மேகம் சிவப்பாயிற்று. தீ காற்றிலேயே ஓடியது. ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்குத் தாவியது. சட்டையில் பஞ்சு ஒட்டியவனெல்லாம் எரிந்தான். திரையின் அடி ஓரம் பிடித்துக்கொண்டது.

பக்கத்துக் கதவுகளை உதைத்துத் திறந்தேன். கூட்டம் வெளியே பாய்ந்தது. விழுந்தவன் மேலேயே ஏறி ஓடினார்கள். ஒரு தாட்டியான ஆள் இன்னொருத்தனின் கையை மிதித்து நின்றுகொண்டு தன் செருப்பைத் தேடினான். அவன் முகத்தில் குத்தினேன். நான் எதிர்த்திசையில் போகவேண்டும். வழி விடாதவனையெல்லாம் அடித்தேன். பிரம்பு முறிந்தது. பிறகு கையால் அடித்தேன்.

மேடையில் இரண்டு பேரும் உருண்டுகொண்டிருந்தார்கள். தீயை அணைக்க உருளவில்லை. ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் பிடித்திருந்தான். மச்சினனின் பாலியஸ்டர் சட்டைக் கை இரண்டும் உருகித் தோலில் ஒட்டியிருந்தது. மற்றவனுக்கு முடி எரிந்தது. சுவரோரம் இருந்த மணல் வாளியைக் கவிழ்த்தேன். போதவில்லை. என் காக்கிச் சட்டையைக் கழற்றி மூடி அமுக்கினேன். கழுத்தை விடமாட்டேன் என்றார்கள். இரண்டு மண்டையையும் சேர்த்து மோதினேன். விட்டார்கள். ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டேன்.

அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. ஓடமுடிந்தவன் ஓடிவிட்டான். ஓடமுடியாமல் நின்றவர்களை அடித்தார்கள்.

யாரும் சாகவில்லை. ட்ரைலரையும் யாரும் பார்க்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு பேரையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டிருந்தார்கள். மச்சினனுக்கு இரண்டு கையிலும் கட்டு. மற்றவனுக்குத் தலையில். முதல் நாள் முழுக்க முனகினார்கள். வலி குறைந்ததும் கெட்ட வார்த்தை பேசினார்கள். அதற்குப் பிறகு சும்மா பேச ஆரம்பித்தார்கள்.

பெண்ணின் அப்பா தகவல் கேள்விப்பட்டு வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். என் மனைவி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"கூட்டத்துல மாட்டிக்கிட்டானாட்ட இருக்குது. பாவம்" என்றார்.

"ஆமாங்க. இவருக்குச் சோறு கொண்டாந்தவன், உள்ள மாட்டிக்கிட்டானுங்க" என்றாள் என் மனைவி. இந்தத் தடவையும் கண்ணைச் சிமிட்டவில்லை. மச்சினன் தலையைக் குனிந்துகொண்டு நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தான்.

"கை ஆறட்டும். நிச்சயத்தைத் தள்ளி வெச்சுக்கலாம். அவசரம் ஒண்ணுமில்லீங்க."

அவள் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. காபியை ஆற்றிக் கொடுத்தாள்.

பக்கத்துக் கட்டில்காரன் சீலிங்கைப் பார்த்தபடி சொன்னான். "படம் தையிலதான் வரும்."

மச்சினன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். உதட்டைக் கடித்தான். பிறகு முடியவில்லை.

"உங்கொப்பன் சொன்னானா? தீவாளிக்கே வருமுடா. மொதச் சூடம் அன்னைக்கும் என்னுதுதான். கை இல்லாட்டி தலையில வெச்சுக் கொளுத்துவேன். நீ செயின் எடுத்துட்டு வா, பாத்துக்கலாம்."

வார்டில் அந்தப் பக்கம் நாலைந்து கட்டில் இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி இருந்தது. வேட்டியை உதறிக் கட்டினார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் கோபத்தைக் காட்டுவதில்லை.

"அப்பறம் சொல்லி உடறமுங்க" என்றார்.

அப்படிச் சொன்னால் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

அவர் படி இறங்குகிற வரைக்கும் என் மனைவி நின்றாள். பிறகு டிபன் கேரியரின் மூடியைக் கழற்றினாள். தம்பியை அடித்தாள். முதுகில், தொடையில், முழங்காலில். மூடி நெளிந்தது. கையில் ஒன்றுகூட விழவில்லை. செயின் விழுந்த தோளிலும் விழவில்லை. வெந்த இடமாகப் பார்த்து விலக்கி அடித்தாள். அவன் "அக்கா, அக்கா" என்றானே தவிர நகரவில்லை.

பக்கத்துக் கட்டில்காரன் பல் இல்லாத வாயோடு சிரித்தான். அவனுக்கும் ஒன்று விழுந்தது.

நான் தடுக்கவில்லை. நர்ஸ் ஓடிவந்தாள். வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.